சட்டையைக் கழற்றச் சொன்ன கோயில்கள்

அப்பா,

இன்று காலை சாயப்பட்டறையிலிருந்து கருநீலத் துணி ஒரு ரோல் வந்தது. மேசைமேல் விரித்தோம். இரண்டு முழம் தள்ளி, நல்ல நீலத்தின் நடுவே வெளுத்துக் கிடந்தது. எங்கோ ப்ளீச்சிங் தண்ணீர் தெறித்திருக்க வேண்டும். ஒரு பெரிய வெளுப்பு, அதைச் சுற்றி விரல்நுனி அளவில் ஏழெட்டு. துணியில் அந்த வாசனை இன்னும் இருந்தது. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் வாசனை. நீங்கள் சைக்கிளை நிறுத்துவதற்குள் உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் வாசனை.

"பேட்ச் விழுந்திருக்குதுங்க மேடம். ரிஜெக்ட் எழுதிருங்க," என்றார் குவாலிட்டி பார்க்கும் அண்ணன்.

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. அந்தக் காகிதத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இன்று கை நகரவில்லை. அவர் இரண்டு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே வாங்கி எழுதிக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் முக்கியமான எதையும் உங்களிடம் நேரில் சொன்னதில்லை. அதனால் இது எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரியவில்லை.

உங்கள் முதுகை நான் முதலில் பார்த்தது ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. அருள்புரம் லைன் வீட்டில் அப்போது நாம் நான்காவது கதவு. அன்று பள்ளிக்கூடத்தை அரை நாளோடு விட்டுவிட்டார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. நீங்கள் பாயில் குப்புறப் படுத்திருந்தீர்கள். அம்மா தோல் வெளுப்புக்குப் போடும் கார்போகரிசி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை, உங்கள் கறுப்பு உடம்பின்மேல் யாரோ பாலைக் கொட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. நான் பின்னாலேயே நகர்ந்து குழாயடிக்குப் போனேன். காலிக் குடம் ஒன்றை வேண்டுமென்றே உருட்டிவிட்டு, பிறகு வந்தேன். அதற்குள் நீங்கள் பனியன் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"முதுகுவலி கண்ணு. அதான் எண்ண," என்றீர்கள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து செருப்பைத் தட்டியோ தொண்டையைச் செருமியோ சத்தம் கொடுக்காமல் நான் வீட்டுக்குள் வந்ததில்லை. நீங்கள் மறைக்க நேரம் வேண்டுமே என்பதற்காக. கோடையில் லைன் வீட்டு ஆண்கள் எல்லாரும் வெற்றுடம்போடு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் மட்டும் அரைக்கை பனியனில் இருப்பீர்கள், நெஞ்செல்லாம் வேர்த்து ஒட்டிக்கொண்டிருக்கும். "ஏனுங்க, பனியன் கம்பெனிக்கு வெளம்பரமுங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். "ஆமாங்க. போனஸ் எச்சா தர்றேன்னு சொல்லியிருக்கறாங்க," என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். திருச்செந்தூருக்குப் போக வேண்டுமென்று அம்மா வருடா வருடம் கேட்டாள். "பழனிக்காரரு கோச்சுக்குவாரு," என்று வருடா வருடம் தட்டிக்கழித்தீர்கள். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஏன் மறைத்தீர்கள் என்பதும் தெரியும். சமையல் மறைப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் அம்மாவிடம் ஒருநாள் சொன்னது காதில் விழுந்தது. "புள்ளைய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கற வரைக்கும் இது ஆருக்கும் தெரியக் கூடாது. அப்பறம் ஊரே பாத்துக்கட்டும்." பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே அதைத்தான். அந்த ஊட்டுல ஆருக்காச்சும் வெள்ளை இருக்குதுங்களா? ஒட்டாது, பரம்பரையாக வந்தே தீரும் என்பதும் இல்லை என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் வந்தவர்கள் காப்பியை முழுதாகக் குடிக்க மாட்டார்கள்.

சாமளாபுரத்துச் சம்பந்தம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பத்துத் தறி ஓட்டுகிறவர்கள், ஒரே பையன். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்தது என்று சொல்லி அனுப்பினார்கள். உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொள்வதற்கு முன் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. பையனுடைய அம்மாவுக்குத் தர்மஸ்தலத்தில் ஒரு வேண்டுதல். தீபாவளிக்குத் தறியை நிறுத்துகிற வாரத்தில் வேன் வைத்துப் போவதாக இருந்தார்கள். "நீங்களும் வாங்க. ரண்டு ஊடும் ஒண்ணாப் போனா ஒருத்தருக்கொருத்தர் பழகுன மாதிரியும் ஆச்சு," என்று பையனுடைய அப்பா உங்களைக் கூப்பிட்டார். கன்னடக் கடற்கரையில் கோயில் கோயிலாகப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். பிறகு என்னைக் காட்டி, "படிச்ச புள்ள இருக்குது. கம்ப்யூட்டர்ல பாத்து, எந்தக் கோயில் எங்க இருக்குது, எத்தன மணிக்கு நடை தொறக்கறாங்கன்னு ஒரு லிஸ்ட்டு எழுதிட்டு வரச்சொல்லுங்க," என்றார்.

உங்கள் முகத்தில் அன்று வந்த வெளிச்சம் எனக்கு மறக்கவில்லை. நம் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்து ஒரு காரியம் என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை.

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்து எழுதினேன். தர்மஸ்தலம், சிவன் கோயில்; பூசை செய்கிறவர்கள் வைணவர்கள், நிர்வாகம் சமணக் குடும்பத்தாருடையது. மூடபித்ரி, ஆயிரம் தூண் சமணக் கோயில். கார்க்களா, மலைமேல் ஒரே கல்லில் நிற்கும் கோமடேசுவரர். உடுப்பி, பலகணித் துளை வழியாகப் பார்க்கும் கிருஷ்ணன். நடை திறக்கும் நேரம், சாப்பாடு போடும் நேரம், ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எவ்வளவு தூரம். இரண்டு பக்கம். தர்மஸ்தலத்துக்கும் உடுப்பிக்கும் கீழே இன்னொரு வரியும் அந்தத் திரையில் இருந்தது. ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த வரியை நான் எழுதவில்லை.

எழுதினால் அதை முதலில் கையில் வாங்குகிறவர் நீங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவீர்கள். படித்ததும் வரமாட்டேன் என்பீர்கள், பயணம் நின்றுபோகும், ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அதோடு, இத்தனை வருடமாக எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துபோகும். இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்து ஒரு பாதி வேலை செய்தேன். பல்லடம் கடைவீதியில் அகலமான துண்டு ஒன்று வாங்கி, உங்கள் பையில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். கோயிலுக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு போகலாம் என்று எங்கோ படித்திருந்தேன். சமயம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்னைப் போன்றவர்களுக்குச் சமயம் வருவதே இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

திம்பம் மலையில் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் எனக்கு வாந்தி வந்தது. பையன் எழுந்து ஜன்னல் இருக்கையை எனக்கு விட்டுவிட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினான். "கீறி மோந்து பாருங்க. கண்ண மூடாதீங்க, தூரத்துல பாருங்க," என்றான். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அவனைப் பிடித்துப்போனது. இதையும் உங்களிடம் நான் சொன்னதில்லை. அவனுடைய அம்மா முன்னாலிருந்து திரும்பி, "டேய், இப்பவே தாங்கறயா? எங்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் இல்லியா?" என்று கேட்டார். வேனே சிரித்தது. நீங்கள் என் லிஸ்ட்டை மடியில் விரித்து வைத்து, "அடுத்து மைசூருங்க. எம்பொண்ணு எழுதியிருக்குது," என்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

மறுநாள் காலையில் தர்மஸ்தலம். குளித்து, வேட்டி கட்டி, வரிசைக்கு அருகில் போய்விட்டோம். அங்கே ஒரு பலகை. மேலே கன்னடம், கீழே ஆங்கிலம்.

"என்ன கண்ணு போட்டிருக்குது?" என்று கேட்டீர்கள்.

முதல் முறையாகப் பார்ப்பவள்போல நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். "ஆம்பளைங்க சட்டை பனியன் கழட்டிட்டுத்தான் போகோணுமாமுங்ப்பா."

உங்கள் கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போய் அங்கேயே நின்றது. அம்மா தரையைப் பார்த்தாள். பையனும் அவன் அப்பாவும் அதற்குள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். வேன் பக்கத்திலேயேதான் நின்றது. பையில் துண்டு இருந்தது. "துண்டு இருக்குதுங்ப்பா" என்று இரண்டே சொல். அவன் நின்றுகொண்டிருந்தான், அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார், என் நாக்கு எழவில்லை.

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்," என்றீர்கள்.

"அட, இத்தன தூரம் வந்துபோட்டுச் செருப்பக் கும்புட்டுட்டுப் போறதுங்களா?" என்று சிரித்தார் பையனுடைய அப்பா. நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு அது.

உள்ளே வரிசையில் நான் சாமியை நினைக்கவில்லை. முன்னால் போகிறவர்களின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கான வெற்று முதுகுகள். மச்சம், தழும்பு, வேர்க்குரு, பூணூல், மூட்டை தூக்கிக் காய்த்த தோள், பனியன் வெட்டில் வெளுத்தும் மற்ற இடத்தில் கறுத்தும் போன உடம்பு. அதில் ஒருவருக்கு உங்களைப் போலவே இருந்தது. கழுத்திலிருந்து கை வரைக்கும். தோளில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார். குழந்தை அந்த வெள்ளையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது நீங்கள் எல்லார் செருப்பையும் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். சொல்லவில்லை.

மூடபித்ரியில் நீங்கள் வேறு ஆளாக இருந்தீர்கள். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. செருப்பை விட்டுவிட்டு முதல் ஆளாக உள்ளே போனீர்கள். மரக்கூரைபோல் சரிந்த கல் கூரைக்குக் கீழே தூண்களுக்கிடையே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து நடந்தீர்கள். ஒரு தூணைப் போல் இன்னொரு தூண் கிடையாது என்று அங்கிருந்தவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். நீங்கள் நம்பவில்லை. ஏழெட்டுத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"பாத்தியா கண்ணு. நம்ம பட்டறையில ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் அரைக்கால் ஷேட் மாறுனாக்கூட எடுத்துட்டுப் போடாங்கறான். இங்க ஆயிரம் தூண்ல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. கையெடுத்துக் கும்புடறாங்க."

"இதைச் செஞ்சவனுக்குச் சரக்கு ரிஜெக்ட் பண்ற பையர் ஆரும் இல்லீங்களாட்ட இருக்குது," என்றான் பக்கத்தில் நின்ற பையன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்த ஒரு மணி நேரம், அப்பா, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

அங்கேதான் பையனுடைய அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாகத்தான் கேட்டார். "ஏஞ்சாமி, உங்கப்பாருக்கு ஒடம்புல ஏதாச்சும் தொந்தரவா? மத்தியானம் மூணு தரம் சோறு வாங்கிச் சாப்புட்டாரு. வயித்துவலிக்காரரு மாதிரி தெரியலியே."

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"நாளைக்கு உடுப்பியில உள்ள வருவாரல்ல?"

"வருவாருங்க."

நாங்கள் பேசியதை நீங்கள் கேட்டீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு தூண் தள்ளி நின்றிருந்தீர்கள்.

கார்க்களாவில் பாறையிலேயே வெட்டிய படிகள். பையனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினார். மேலே போய் மதிலைத் தாண்டியதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வானத்தை முட்டிக்கொண்டு நின்றது சிலை. ஒரு நூல் துணி இல்லை. பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காலடியை மட்டும் பார்த்துக் கும்பிட்டோம். பையனுடைய அப்பா, "நம்மூர் பனியனெல்லாம் இவருக்கு வேலைக்காகாதுங்க. சைஸே கெடையாது," என்றார். டிரைவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

"இவரு ஏங்கண்ணு ஒண்ணும் போடாம நிக்கறாரு?"

படித்ததைச் சொன்னேன். அண்ணனோடு சண்டை போட்டு ஜெயித்த ராஜா. ஜெயித்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்றுவிட்டார். நின்ற இடத்திலேயே காலைச் சுற்றிக் கொடி படர்ந்துவிட்டது. உடம்பில் சுற்றியிருக்கும் கொடியைக் காட்டினேன்.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னா நிக்கலாம்," என்றீர்கள். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே தென்னந்தோப்புகளும், அதற்கப்பால் கடல் இருக்கும் பக்கம் ஒரு வெளிச்சமும் தெரிந்தன. மதிலோரம் உட்கார்ந்து பொரி தின்றோம். பையனுடைய அப்பா உங்கள் தொடையில் தட்டி, "நாளைக்கு உடுப்பியில உங்களத் தூக்கிட்டாச்சும் உள்ள போயிருவேன். சம்மந்தி இல்லாம சாமி பாத்தா நல்லாருக்குமுங்களா?" என்றார். அந்தச் சொல்லை அவர் முதல் முறையாகச் சொன்னார். நான் என் மடியிலிருந்த பொரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுந்தீர்கள்.

"ஏனுங்க, நாளைக்கும் ஒரு வயித்துவலி சொல்ல எனக்கு ஆகாதுங்க," என்றீர்கள். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தீர்கள். சட்டையை மடித்து மதில்மேல் வைத்தீர்கள். பனியனைத் தலைவழியாக உருவினீர்கள். அதையும் மடித்துச் சட்டைமேல் வைத்தீர்கள். அம்மா "வேண்டாங்க, வேண்டாங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்குங்க. இதுதானுங்க. பத்து வருசமாச்சு. ப்ளீச்சிங்குல நின்னு நின்னு வந்துச்சுங்க. ஒட்டாது, டாக்டர் எழுதியே குடுத்திருக்கறாரு. புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. அவ ஒடம்புல ஒரு புள்ளி கெடையாது. எங்கூட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க. அவளுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதுங்க."

கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றி.

நான் அப்போது எழுந்து நின்று, தெரியுமுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். பையன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையனுடைய அப்பா நல்ல மனிதர். ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மடியிலிருந்த பொரியைத் தட்டிவிட்டு எழுந்து, "சட்டையப் போட்டுக்குங்க. காத்தடிக்குது," என்றார். அவ்வளவுதான். ஏறும்போது என் கையைப் பிடித்திருந்த அந்த அம்மா இறங்கும்போது பிடிக்கவில்லை. அதுவரை ஒரே கேனிலிருந்து தண்ணீர் குடித்தோம். அடிவாரத்துக் கடையில் அவர்கள் தனியாகப் பாட்டில் வாங்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. வேனில் எல்லாரும் வாங்க, போங்க, சாப்பிடுங்க என்றுதான் பேசிக்கொண்டோம். நம் பக்கத்து மரியாதை எவ்வளவு குளிராக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உடுப்பியில் நீங்கள் விடிவதற்கு முன்பே தயாராகிவிட்டீர்கள். விடுதியிலிருந்தே வெற்றுடம்போடு நடந்து வந்தீர்கள். துளைவழியாகக் கண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "குட்டியா, கறுப்பா, அழகா இருக்கறாருடா கண்ணு," என்றீர்கள். பிறகு கடலுக்குப் போனோம். அவர்கள் வேனிலேயே இருந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் மார்பளவு தண்ணீரில் போய் நின்று, அலை வரும்போதெல்லாம் முதுகைக் காட்டினீர்கள். வெயிலில் உங்கள் முழு உடம்பையும் நான் பார்த்தது அன்றுதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அசிங்கமாகவே இல்லை.

கரைக்கு வந்து தலை துவட்டினீர்கள். அந்தத் துண்டால்தான். காலையில் வேட்டி எடுக்கும்போது பையின் அடியில் கிடைத்திருக்கிறது. மடிப்புத் தடம்கூடப் போகாத புதுத்துண்டு. துவட்டி முடித்து அதை விரித்து, அகலத்தைப் பார்த்தீர்கள்.

"இது ஆரு கண்ணு வெச்சது?"

"அம்மாவா இருக்குமுங்ப்பா."

"ம்." கடலைப் பார்த்தீர்கள். "நீ லிஸ்ட்டு எழுதறப்ப, இங்கெல்லாம் சட்டையக் கழட்டோணும்னு அதுல போட்டிருக்கலியா?"

"இல்லீங்ப்பா."

"போட்டிருந்தா நீ சொல்லியிருப்ப," என்றீர்கள்.

ஊர் திரும்பிய பன்னிரண்டாம் நாள் தரகர் போன் செய்தார். ஜோசியர் ஏதோ தோஷம் என்கிறாராம். நீங்கள் "சரிங்க, சரிங்க, பரவால்லீங்க" என்று வைத்துவிட்டு, வெளியே போய் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டீர்கள். அதன் பிறகு அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினீர்கள், அம்மாவிடம். "அந்த மலையில நான் வாய மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் கண்ணாலம் முடிஞ்சிருக்கும். எம்புள்ள வாழ்க்கைய நானே கெடுத்துப்போட்டேன்." நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மறைப்பைத் தாண்டி வர எனக்கு நான்கு அடி. ஒன்றரை வருடம் நீங்கள் அந்த நினைப்போடு வேலைக்குப் போய் வந்தீர்கள். நான்கு அடி வைக்க எனக்கு அவ்வளவு நாளும் போதவில்லை.

பிறகு ஒருநாள் பகல் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உங்களால் பேச முடியவில்லை.

வாசலில் பெஞ்சு போட்டு உங்களைக் குளிப்பாட்டினார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பனியனைக் கழற்றப் போன மாமாவுக்கு முதுகு தெரிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல், "பனியனோடவே தண்ணி ஊத்திரலாம். புள்ள கண்ணாலத்துக்கு நிக்குது," என்றார். என்னைத்தான் சொன்னார். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "கழட்டுங்க மாமா. எங்கப்பா இத மறைக்கறத எப்பவோ விட்டுட்டாருங்க." யாரோ ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். மாமா கழற்றினார். முதல் சொம்புத் தண்ணீரை நான் ஊற்றினேன்.

அதை நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கேட்க முடியாதவருக்காகப் பேசுவது சுலபம். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் பேசவில்லை. இப்போது வரும் சம்பந்தங்களிடம் முதல் வார்த்தையாக உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடச் சொல்கிறேன். அம்மா அழுகிறாள், சண்டை போடுகிறாள். மூன்று பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். அது எனக்குப் பெரிய வருத்தமாக இல்லை. ராத்திரி படுத்தால் நினைவுக்கு வருவது அவர்களில் யாரும் இல்லை. ஈரத் தலையோடு, நெஞ்சில் உப்புத்தண்ணீர் வழிய, என்னை ஒரு துளிகூடச் சந்தேகிக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற நீங்கள்தான்.

சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

போட்டிருந்ததுங்ப்பா. நான்தான் எழுதலீங்க.